2,316-ஆவது லெவல்

வீட்டில் நேற்று இரவிலிருந்து சரியான பேச்சுவார்த்தை இல்லை. நான் கேட்கிறேன், பதில் வருகிறது. எல்லாப் பதிலும் "ம்" என்ற ஒற்றை எழுத்தில் முடிந்துவிடுகிறது.

"என்னங்க, என் போன் ரொம்ப மெதுவாயிடுச்சு" என்று அவள் சொன்னாள், அவ்வளவுதான். அது வெறும் புலம்பல். நான் அதை விண்ணப்பமாக எடுத்துக்கொண்டேன். போதாக்குறைக்கு மச்சினன் வேறு அந்த நேரம் பார்த்து போன் செய்தான். "கஸ்டம் ரோம் போட்டுடுங்க மாமா, புது போன் மாதிரி ஆயிடும்." அதாவது, கம்பெனி போட்டுக்கொடுத்த ஆண்ட்ராய்டை எடுத்துவிட்டு, வெளியாட்கள் செய்த வேறொரு ஆண்ட்ராய்டைப் போடுவது. அவனுக்கென்ன, சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

எனக்கு இதெல்லாம் புதிதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கஸ்டம் ரோம்களில் அன்று பிரபலமாக இருந்த சயனோஜென்மாட் காலத்தில் என் போனில் மாதம் ஒரு ரோம் மாறும். 2016 டிசம்பரில் அந்தக் கடை மூடியதும் நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். பழைய பயில்வான் பேரப்பிள்ளைக்கு முன்னால் கர்லாக்கட்டையைத் தூக்கிக் காட்டுவானே, அந்த மிதப்பில்தான் நேற்று உட்கார்ந்தேன்.

முதலில் போனின் செட்டிங்ஸில் இருக்கும் பில்டு எண்ணை ஏழு முறை தட்ட வேண்டும். தட்டினேன். "நீங்கள் இப்போது டெவலப்பர்" என்றது போன். அலுவலகத்தில் இத்தனை வருடம் உழைத்தும் இப்படி ஒரு பதவி உயர்வை யாரும் இவ்வளவு சுலபமாகக் கொடுத்ததில்லை. எட்டிப் பார்த்தவள், "ஏழு தடவை தட்டினா திறக்குதுன்னா இது என்ன போனா, மந்திரக் குகையா?" என்று கேட்டாள். அப்போது நன்றாகத்தான் சிரித்தாள்.

பூட்லோடர் என்பது வாசல் காவலாளி. போனை ஆன் செய்ததும் முதலில் எழுந்து, உள்ளே வருகிற மென்பொருளின் கையெழுத்து சரிதானா என்று பார்ப்பவர். அவரை அன்லாக் செய்தால் போனில் உள்ள மொத்த டேட்டாவும் அழியும். திருடியவன் பூட்டை உடைத்து நம் படங்களைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. எனக்குத் தெரியாதா? படம், வீடியோ, தொடர்பு எண், அரட்டை என்று ஒன்று விடாமல் பேக்கப் எடுத்தேன். அவள் எப்போதோ பதிவு செய்து மறந்துபோன, மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கிற பதினோரு நிமிட ஆடியோவைக்கூட விடவில்லை.

அன்லாக் ஆனது. அடுத்து ரெக்கவரி, அதாவது புது ரோமை ஏற்றித் தரும் சின்ன மென்பொருள். பழைய பழக்கத்தில் கட்டளையைத் தட்டினேன். அதற்கென்று ஒரு பார்ட்டிஷனே, அதாவது சேமிப்பிடத்தில் தனி அறையே, இல்லை என்றது போன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் ஓய்வு பெற்ற பிறகு ஊரே மாறிவிட்டிருக்கிறது. ஆண்ட்ராய்டு 7-உடன் ஏ, பி என்று இரண்டு ஸ்லாட் வைக்கும் முறை வந்திருக்கிறது. பூட் இரண்டு, சிஸ்டம் இரண்டு, சிக்னலைக் கவனிக்கும் மோடம்கூட இரண்டு. இந்த மாதிரி போன் பலவற்றில் ரெக்கவரிக்குத் தனி வீடு கிடையாது. பூட் பார்ட்டிஷனுக்குள், சிஸ்டத்தின் மையமான கெர்னலோடு ஒண்டுக்குடித்தனம். ஒரு ஸ்லாட்டில் நாம் குடியிருக்கும்போது அப்டேட் போய் இன்னொன்றில் உட்காரும். டேட்டா மட்டும் இரண்டுக்கும் பொது. ஒரு சமையலறைக்கு இரண்டு மருமகள்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ரெக்கவரியைத் தற்காலிகமாகக் கிளப்பி ரோமை ஏற்றினேன். அது பி-யில் போய் உட்கார்ந்தது. ரீபூட். லோகோ வந்தது. போனது. மறுபடி வந்தது. மறுபடி போனது.

"ஆச்சா?" என்றாள்.

"முதல் தடவை கொஞ்சம் நேரமாகும்."

இது உலகத்தில் பூட்லூப்பில் மாட்டிய எல்லா ஆண்களும் சொல்கிற வசனம்.

பிறகுதான் செய்முறையை ஒழுங்காகப் படித்தேன். ரோம் ஃபைலில் பூட், சிஸ்டம் போன்றவை இருக்குமே தவிர, பல போன்களுக்கு மோடம், பூட்லோடர் வகையறா அதில் வராது. அவையெல்லாம் போனில் ஏற்கெனவே சரியாக இருக்கும் என்று நம்பித்தான் அது வந்து இறங்கும். பி ஸ்லாட்டிலோ என்றைக்கோ போட்ட பழைய சரக்கு கிடக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். அதனால் ஏ-யில் உள்ளதை முதலில் பி-க்கு நகலெடுத்துவிட்டு ரோமை ஏற்று என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். தடித்த எழுத்தைத் தாண்டிப் படிக்கிற வியாதி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

என்ன செய்வதென்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, போன் தானாகவே எழுந்துவிட்டது! பி-யில் சில முறை முயன்று முடியாமல் போனதும், பூட்லோடர் அதை ஒதுக்கி வைத்துவிட்டு ஏ-க்குத் திரும்பியிருக்கிறது. அதே பழைய சிஸ்டம். நான்கு மணி நேரம் நான் பார்த்த வேலைக்கு அடையாளமே இல்லை.

ஆனால் போன் பறந்தது. தொட்டால் திறந்தது. இடுக்கு இல்லாமல் அடைத்துக் கிடந்த சேமிப்பிடம் காலியானதுதான் காரணம். மச்சினனிடம் சொன்னேன். "அப்ப ரீசெட் பண்ணியிருந்தாலே போதுமே மாமா" என்றான். அவனை என்ன செய்யலாம் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வெற்றி வீரனாகப் போனை நீட்டினேன். வாங்கியவள் நேராக அந்தக் கலர் உருண்டை விளையாட்டைத் தேடினாள். இல்லை. இறக்கித் திறந்தாள். லெவல் 1.

"2,316-ல இருந்தேன்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை.

"லாகின் பண்ணி வெச்சிருந்தா திரும்ப வந்திருக்குமே..."

"கண்ட கண்ட ஆப்ல எல்லாம் லாகின் பண்ணாதே, தகவலைத் திருடிடுவான்னு சொன்னது யாரு?"

நான்தான்.

இப்போது போனை ஆன் செய்யும்போதெல்லாம், பூட்லோடர் திறந்திருக்கிறது, உள்ளே இருப்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று ஓர் எச்சரிக்கை வந்து சில நொடி நிற்கிறது. "போனுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு" என்றாள். மறுபடி லாக் செய்தால் அது போய்விடும். கூடவே டேட்டாவும் இன்னொரு முறை போகும். வாயைத் திறக்கவில்லை நான்.

இன்று அதிகாலை நாலரைக்கு எழுந்து, அவள் போனை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டேன். ஆறு மணிக்கு 38-ஆவது லெவல். மூலையில் பனிக்கட்டிக்குள் மாட்டிய இரண்டு மஞ்சள் உருண்டைகள் என்ன செய்தும் நகர மாட்டேன் என்கின்றன. எட்டு முறை தோற்றுவிட்டேன்.

பின்னால் யாரோ நிற்பது போலிருந்தது.

"மஞ்சளைத் தொடாதீங்க. கீழ் வரிசையில அந்தப் பச்சையை இடது பக்கம் தள்ளுங்க."

தள்ளினேன்.