உள்ள போக வழி இருக்கு, திரும்ப இடம் இருக்கா

"ரோடு பெருசுதான் அண்ணே, லோரியெல்லாம் டெய்லி வருது." போன்ல கஸ்டமருங்க இந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டா இன்னிக்கும் எனக்கு வயித்தைக் கலக்கும். அவங்க மனசுல இருக்கிற லோரி மூணு டன் லோரி, நான் கொண்டு போறது நாப்பதடி பொட்டி, அதான் கொண்டேனா, ஏத்துன டிரெய்லர். பதினெட்டு வருஷம் ஓட்டியிருக்கேன், மலேசியாவுல பட்டர்வொர்த் கொண்டேனா டெர்மினல்ல பொட்டி எடுத்து பிறை, ஜூரு, புக்கிட் மின்யாக், சில நாள் பினாங்கு பாலம் தாண்டி பாயான் லெப்பாஸ். இப்ப ஆபீஸ்ல உக்காந்து மத்த டிரைவருங்களுக்கு டிரிப் போட்டு குடுக்குறேன்.

எனக்குத் தொழில் கத்துக் குடுத்த மாமா, பெரிய லோரி ஓட்டுற ஈ லைசென்ஸ் எடுத்த புதுசுலயே சொன்னாரு, "டேய், உள்ள போறது பெரிய விஷயம் இல்லடா, வெளிய வர்றதை நெனச்சு உள்ள போ"ன்னு. அப்ப தலைய ஆட்டிட்டு போயிட்டேன். புரிஞ்சது சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு புது கஸ்டமர் கொடவுனுக்குப் போன அன்னிக்குத்தான்.

லோரோங்கோட, அதான் அந்தச் சின்ன ரோட்டோட, கடைசில கேட்டு, கேட்டுக்கு அப்புறம் லொங்காங்ங்கிற சாக்கடை, அதோட ரோடு முடிஞ்சுது. கேட்டுக்குள்ள யார்டு நல்ல பெருசு, ஆனா பாதிக்கு மேல பேலட் அடுக்கி வச்சிருக்காங்க, மீதி இடத்துல தௌக்கே காடியும், அதான் மொதலாளி காரு, வேன் ரெண்டும். பொட்டிய எறக்கியாச்சு, வெறும் டிரெய்லர்தான், ஆனா டிரெய்லர் நீளம் கொறையாதே. காடியை நகத்த சாவி வச்சிருக்கிற ஆள் மதியம் சாப்பிடப் போயிட்டான்னாங்க. மழை வேற பிடிச்சிருச்சு, கூட உதவிக்கு வர்ற கெலிண்டானும் இல்ல, மெயின் ரோடு வரைக்கும் நானூறு மீட்டர் இருக்கும், அவ்வளவும் கோஸ்தான், ரிவர்ஸ்லயே வரணும். ஸ்டேரிங்கை இடது ஒடிச்சா டிரெய்லர் பின்பக்கம் வலது போகும், கொஞ்சம் அதிகமா ஒடிச்சிட்டா தலையும், அதான் முன்னால இழுக்கிற எஞ்சின் வண்டி, டிரெய்லரும் மடக்குக் கத்தி மாதிரி மடிஞ்சிக்கும், அதனால ஒரு விரல் அளவு திருப்பி, நிறுத்தி, எறங்கி பாத்து, திரும்ப ஏறி, இப்படியே ஒரு மணி நேரம் ஆச்சு. இடது மிரர்ல மழைத் தண்ணி வழியுது, அந்தப் பக்கம் லொங்காங் எங்க இருக்குன்னே தெரியல.

ஆனா அன்னிக்கு ராத்திரி என்னை தூங்கவிடாதது அது இல்ல, காலையில அதே லோரோங்குக்குள்ள நுழையும்போது நடந்தது. இடது பக்கம் திரும்பணும்னா நாங்க முதல்ல வலது பக்கம் அகலமா எடுத்துத்தான் ஒடிக்கணும், ஏன்னா தலை போற தடத்துல பின் டயர் வராது, மூணு மீட்டர் போல உள்ள வெட்டிட்டு வரும். பின்னால வர்றவங்களுக்கு அது தெரியாது. லோரி வலது போகுதுன்னு நெனச்சு ஒரு பையன் மோட்டார்ல இடது பக்க சந்துல நுழைஞ்சிட்டான், சிக்னல் போட்டிருந்தேன், அவன் பாக்கல. முனையில நாசி லெமாக் விக்கிற அக்கா "நிறுத்து நிறுத்து"ன்னு கத்தினாங்க, பிரேக்கை அழுத்துனேன். எறங்கிப் போய் பாத்தா பின் டயருக்கும் அவன் முழங்காலுக்கும் நடுவுல என் கை நுழையுற அளவுதான் இடம். ஸ்கூல் உடுப்புல இருந்தான். நம்ம நாட்டு ரோட்டுல சாகுறவங்கள்ல பாதிக்கு மேல மோட்டார்ல போறவங்கதான், அந்தக் கணக்குல அவனும் ஒருத்தனா ஆகியிருப்பான், என் டயராலேயே.

அப்புறந்தான் இந்த இடக் கணக்கை ஒழுங்கா படிக்க ஆரம்பிச்சேன். நாப்பதடி பொட்டி மட்டுமே 12.2 மீட்டர், தலையோட சேத்தா பதினாறு மீட்டர் பக்கம் வரும். ஐரோப்பால ஒரு ரூல் வச்சிருக்காங்க, இந்த மாதிரி டிரெய்லர் வெளிப்பக்கம் 12.5 மீட்டர், உள்பக்கம் 5.3 மீட்டர் ஆரம் இருக்கிற ரெண்டு வட்டத்துக்கு நடுவுலயே முழுசா சுத்தி வந்திடணும்னு. அதாவது டிரெய்லர் திரும்பும்போது மட்டும் 7.2 மீட்டர் அகலத்துக்கு ரோட்டை அடைச்சிக்குது, ரெண்டு லேன் மொத்தமும் போச்சு. ஒரே மூச்சுல சுத்தி வர 25 மீட்டர் அகலம் வேணும், ரெண்டு நாப்பதடி பொட்டிய நீளவாக்குல வச்சா வர்ற தூரம். அதுவும் சுவர், தூண், லொங்காங் எதுவும் இடிக்காத வெட்ட வெளியில. என்னைக் கேட்டா 30 மீட்டர் இல்லாம கேட்டுக்குள்ள நுழையமாட்டேன். இடம் பத்தாம வலுக்கட்டாயமா ஒடிச்சா டிரெய்லரோட மூணு அச்சு டயரும் தார் ரோட்டுல பக்கவாட்டுல இழுபட்டு தேயும், தலைக்கும் டிரெய்லருக்கும் நடுவுல இருக்கிற காத்து ஓஸு அறுந்துச்சுன்னா டிரெய்லர் பிரேக் பிடிச்சு அங்கயே நின்னுடும், நடு ரோட்டுல.

சுத்த இடம் இல்லன்னா பக்கத்துல ஒரு சிம்பாங், அதான் ரோடு பிரியுற முனை, பாத்து, அதைத் தாண்டிப் போய், அதுக்குள்ள டிரெய்லரை கோஸ்தான் போட்டு திருப்பிக்கலாம். அதுவும் அந்த ரோடு வலது பக்கம், நாம உக்காந்திருக்கிற பக்கம், இருந்தா நல்லது, டிரெய்லர் வால் மிரர்ல தெரியும். இடது பக்கம்னா குருட்டுப் பக்கம், ஆள் நின்னு காட்டாம நான் போறதில்ல.

கட்டும்போது கொடவுனுக்காரங்க இடம் விட்டுத்தான் கட்டுறாங்க, அப்புறம் சரக்கு கூடக் கூட அந்த இடத்துலயே பேலட்டை அடுக்கிடுறாங்க. மழையில ஒரு டிரைவர் தனியா எறங்கி ஏறி எறங்கி ஏறி நிக்கிறது அவங்க கண்ணுக்குத் தெரியாதுல்ல. அதனால இப்ப புது இடம்னா நான் மொதல்ல கேக்குறது, கேட்டுலேர்ந்து யார்டு கடைசி சுவர் வரைக்கும் நடந்துகிட்டே வீடியோ எடுத்து அனுப்புங்கன்னுதான். சிலர் கோவப்படுவாங்க, பரவால்ல.

போன மாசம் ஒரு தம்பி ஜூருலேர்ந்து போன் பண்ணினான், வேலைக்குச் சேந்து நாலு மாசம்தான் ஆகுது. "அண்ணே, கேட்டுக்கு வெளிய நிறுத்திட்டு எறங்கி நடந்து பாத்தேன், மீட்டருக்கு ஒண்ணா நீளமா காலடி வச்சும் இருபத்திரண்டுதான் வருது"ன்னான். நீ உள்ள போகாதன்னு சொல்லிட்டு நான் கஸ்டமர்கிட்ட பேசினேன், மொதல்ல சத்தம் போட்டாங்க, அப்புறம் ஃபோர்க்லிஃப்ட் கொண்டு வந்து பேலட்டை ஓரங்கட்ட அரை மணி நேரம் ஆச்சு. அந்தத் தம்பி மறுபடி நடந்து அளந்திருக்கான். முப்பத்தொன்னு. அப்புறந்தான் வண்டியை எடுத்தான்.