அப்பத்தாவின் டிவி ஓடுகிறதா, நிற்கிறதா? மூன்று வாரம் பார்த்த வேலை

கானாடுகாத்தான் வீட்டில் அப்பத்தா ராத்திரி பட்டாலையில் உட்கார்ந்து சீரியல் பார்ப்பார். நடுவில் ரிமோட்டில் நிறுத்திவிட்டு, நடு முற்றமான வளவைக் கடந்து, வீட்டின் அடுத்த பகுதியான இரண்டாங்கட்டுக்குப் போவார். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் வழுக்கும், நிலைப்படி உயரம், வளவில் இருட்டு. தை மாதம் ஒருநாள் தடுக்கி விழப்போனார். படம் நின்றால் வளவு விளக்கு தானே எரிய வேண்டும் என்று அன்றைக்கே ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில், வீட்டுச் சாதனங்களைத் தானாக இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருளைப் போட்டு ஆரம்பித்துவிட்டேன்.

விளக்கு அரை நாள் வேலை. சுவர்களின் கனத்தில் வைஃபை போகவில்லை, அதனால் தூண் ஓரமாக லேன் கேபிள் இழுத்தேன். படம் ஓடுகிறதா என்று தெரிந்துகொள்வதுதான் பாடுபடுத்தியது.

முதலில் காஸ்ட் வழி, அதாவது போனிலிருந்து டிவிக்குப் படத்தை அனுப்பும் முறை. டிவியின் ஆண்ட்ராய்டு பெட்டி 8009 என்ற எண்ணுள்ள போர்ட்டில் (இணைப்பு வாசலில்) டிஎல்எஸ் என்ற மறைகுறியாக்க இணைப்பில் பேசும், ஓடுகிறது, நிற்கிறது, பஃபர் ஆகிறது (ஓட்டுவதற்கு டேட்டா சேர்க்கிறது) என்று நிலையையும் சொல்லும். போனிலிருந்து காஸ்ட் செய்தபோது அழகாக வந்தது. ஆனால் அப்பத்தா ரிமோட்டில் ஆப்பைத் திறந்து பார்ப்பவர், அப்போது அந்த வழியில் ஒன்றும் வரவில்லை. காஸ்ட் செய்தாலும் சில ஆப்கள் பொதுவான மீடியா வழியை விட்டுத் தங்கள் சொந்த வழியில் பேசுகின்றன. ஆப் திறந்திருக்கிறது என்பதற்கு மேல் அங்கே தெரியாது.

சரி, எவ்வளவு டேட்டா போகிறது என்று ரூட்டரில் பார்ப்போம் என்று நினைத்தேன். இரண்டு நாள் வீண். படம் சில நொடித் துண்டுகளாக இறங்குவதால், ஓடும்போதே இடையிடையே டேட்டா வருவது சுத்தமாக நின்றுவிடுகிறது. நிறுத்திய பிறகும் பஃபர் நிரம்பும்வரை கொஞ்ச நேரம் இறங்குகிறது. உள்ளே இருப்பதோ முழுக்க மறைகுறியாக்கம், எட்டிப் பார்க்க வழியில்லை.

அப்புறம்தான் ஆப்பைக் கேட்பதை விட்டு ஆண்ட்ராய்டையே கேட்டேன். டெவலப்பர் ஆப்ஷனில் வேறு கணினியிலிருந்து பெட்டிக்குக் கட்டளை அனுப்ப உதவும் ஏடிபி டீபக்கிங்கைத் திறந்து, 5555 போர்ட்டில் இணைந்து, பெட்டியின் உள் நிலையைக் காட்டும் டம்ப்சிஸ் கட்டளையில் மீடியா செஷனை (ஆப் படத்தை ஓட்டுகிறதா என்ற பதிவை) பார்த்தால் எண் வருகிறது: 3 என்றால் ஓடுகிறது, 2 என்றால் இடைநிறுத்தம், 6 என்றால் பஃபர். செய்து பார்க்கிறவர்கள் அந்தப் போர்ட்டை ரூட்டரில் வெளியே திறந்துவிடாதீர்கள், பெட்டியையே அடுத்தவர் கையில் கொடுத்த மாதிரி.

அப்பத்தா அதிகம் பார்க்கும் ஆப் இதிலும் ஏமாற்றியது. நிறுத்தினாலும் 3 என்றே நின்றது. அதற்கு மட்டும் டம்ப்சிஸில் ஆடியோவைப் பார்த்தேன், எந்த ஆப்பின் ஒலி தொடங்கியிருக்கிறது, எது நின்றிருக்கிறது என்று அங்கே ஒவ்வொன்றாக இருக்கிறது. படம் நின்றால் ஒலி நிற்கத்தானே வேண்டும்! அந்த வரியைப் பிடித்ததும் சரியாகிவிட்டது. ஹோம் அசிஸ்டன்டின் ஆண்ட்ராய்டு டிவி இணைப்பில் ஒவ்வொரு ஆப்புக்கும் தனி விதி எழுதலாம் என்பதால் இந்த ஆப்புக்கு ஒலி, மற்றவற்றுக்கு மீடியா செஷன் என்று பிரித்துவிட்டேன்.

விளம்பரம் மாறும் இடத்தில் ஒலி ஒரு கணம் அறுந்து விளக்கு மின்னியது. ஓடுகிறது என்ற நிலை மூன்று நொடி தொடர்ந்தால் மட்டுமே விளக்கை அணை என்று மாற்றினேன். நின்றால் உடனே எரிகிறது. அணைவது தாமதமானால் பரவாயில்லை, எரிவது தாமதமாகக் கூடாது.

நேற்று ராத்திரி அப்பத்தா நான்கு முறை எழுந்து போனார், நான்கு முறையும் அவர் வளவில் கால் வைக்கும் முன்பே விளக்கு எரிந்துவிட்டது. ஒலியை மியூட்டில் வைத்துப் பார்த்தால் அந்த ஆப் என்ன சொல்கிறது என்று இன்று ராத்திரி பார்க்க வேண்டும்.