சாலை வரி விட்டுப்போன பழைய கார்

சிங்கப்பூரில் சாலை வரி கட்டாமல் நின்றுபோன பழைய காரை மறுபடி ஓட்ட நினைத்தால், முதலில் பார்க்க வேண்டியது சாலை வரியை அல்ல, சிஓஇ (வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) தேதியை. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் இணையத்தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். சிஓஇ காலாவதியாகி வருடக்கணக்கில் ஆகிவிட்டதென்றால் அந்த வண்டியைச் சாதாரணக் காராக மறுபடி பதிவது நடக்காது. மிஞ்சுவது ஸ்கிராப் அல்லது ஏற்றுமதி. 35 வயது தாண்டியதென்றால் பழங்கால வண்டிகளுக்கான கிளாசிக் திட்டம் உண்டே என்பார்கள். ஆனால் அதில் வருடத்துக்கு 45 நாள்தான் ஓட்டலாம்.

சிஓஇ உயிரோடு இருந்து சாலை வரி மட்டும் விட்டுப்போயிருந்தால் தப்பித்தீர்கள். வரிசை இதுதான்: காப்புறுதி, பரிசோதனை, பிறகு வரி. முதல் இரண்டும் கணினியில் ஏறாமல் வரி கட்ட முடியாது. 10 வயது தாண்டிய காருக்குப் பரிசோதனை வருடா வருடம். வரியின் மேல் கூடுதல் கட்டணமும் 10 விழுக்காட்டில் தொடங்கி, 14 வயதுக்கு மேல் 50 விழுக்காட்டில் நிற்கும்.

வரி இல்லாத வண்டியை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார்நிறுத்தத்தில் சும்மா வைத்திருப்பதும் குற்றம்தான். அதை ஓட்டிப் போகாதீர்கள், இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

நின்ற காரில் முதலில் சாவது பேட்டரி. பிரேக் டிஸ்க்கில் துரு படிந்து ஒருபக்கம் இழுக்கும். டயர் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் வண்டி பரிசோதனையில் தேறாது. புகைச் சோதனையில் பழைய பெட்ரோல்தான் காலை வாரும். வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றி, இன்ஜின் நன்றாகச் சூடேறியபின் சோதனைக்கு விடுங்கள்.

சிஓஇ முடியப் போகிறதென்றால் 5 வருடப் புதுப்பிப்பில் யோசித்து இறங்குங்கள். அதை மறுபடி நீட்டிக்க முடியாது.