ஆறு டீயும் ஒரு மாத்திரையும்

அசைவம் புழங்காத வீடு எங்களுடையது. கொழுப்பெல்லாம் பிரியாணி சாப்பிடுகிறவர்கள் கவலை என்றே இருந்தேன். அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்ததைக்கூட பீடிக் கணக்கில் எழுதிவிட்டோம்.

போன வருஷம், என் 45 வயதில், பன்னிரண்டு மணி நேரம் பட்டினி கிடந்து கொழுப்புப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். ரத்தத்தில் ஓடும் ஒருவகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு 150-க்குள் இருக்க வேண்டும்; எனக்கு 318. கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 162. நல்லது எனப்படும் எச்.டி.எல். வெறும் 34.

டாக்டர் முதலில் எண்ணெயைப் பற்றிக் கேட்கவில்லை. "ஒரு நாளைக்கு எத்தனை டீ சார்?" என்றார். ஆறு. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சீனி. "60 கிராம் ஆச்சே!" என்று சீட்டின் ஓரத்தில் பெருக்கிக் காட்டினார். செலவாகாத சீனியையும் சோற்றையும் கல்லீரல் டிரைகிளிசரைடாக்கி ரத்தத்தில் விட்டுவிடுமாம். காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை. எனக்கு மூன்று வேளையும் அரிசிதான். அப்பா கதையைக் கேட்டதும் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையான அட்டோர்வாஸ்டேட்டின் 10 மில்லிகிராமும் எழுதினார்.

சோறு நாலு கரண்டியிலிருந்து ஒன்றரைக்கு வந்தது. மிச்ச இடத்தைப் பொரியலும் சுண்டலும் பிடித்துக்கொண்டன. சாயங்காலம் 40 நிமிட நடை. டீதான் பெரும்பாடு. சீனி இல்லாமல் கேட்டதும் டீ மாஸ்டர் பரிதாபமாக, "சுகரா சார்?" என்றார். கொழுப்பு என்று சொன்னால் அர்த்தமே வேறாகிவிடும். தலையை ஆட்டி வைத்தேன்.

மூன்றாம் மாதம் டிரைகிளிசரைடு 171, எல்.டி.எல். 98. அப்புறம் நான் செய்தது சுத்த முட்டாள்தனம். எல்லாம் சரியாகிவிட்டதே என்று யாரையும் கேட்காமல் மாத்திரையை நிறுத்தினேன். புதுச் சாப்பாட்டு முறையை மட்டும் விடவில்லை.

நாலு மாதம் கழித்து டிரைகிளிசரைடு 168. எல்.டி.எல். மட்டும் 157-க்கு ஏறியிருந்தது. டாக்டர் திட்டவில்லை. இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதலில் டிரைகிளிசரைடையும் அப்புறம் எல்.டி.எல்.லையும் காட்டி, "இது இறங்கினது உங்க சாமர்த்தியம், அது இறங்கினது மாத்திரையோட சாமர்த்தியம்" என்றார். நாம் என்ன தின்றாலும் தின்னாவிட்டாலும் கல்லீரல் தானாகவும் கொலஸ்ட்ரால் தயாரிக்கிறது. மாத்திரை அந்தத் தயாரிப்பைக் குறைக்க, கல்லீரல் தன் தேவைக்கு ரத்தத்திலிருக்கும் எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்கிறதாம்.

மறுபடி ராத்திரிதோறும் மாத்திரை. டீ இப்போது இரண்டுதான். என் தலை தெரிந்ததுமே மாஸ்டர், "சுகர் சாருக்கு ஒண்ணு!" என்று உள்ளே குரல் கொடுக்கிறார். இன்னும் திருத்தவில்லை.