ஜெராக்ஸ் கடையிலிருந்து பார்த்த பள்ளிக்கூடங்கள்

உசிலம்பட்டியில் ஜெராக்ஸ் கடை போட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. சுற்றுவட்டாரத்தில் எந்தப் பள்ளிக்கூடம் எப்படி நடக்கிறது என்பது கல்வி அலுவலகத்துக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும் என்று வீட்டில் பீற்றிக்கொள்வேன். "அப்படின்னா நம்ம பிள்ளையை எங்கே சேர்க்கலாம்னு நீங்களே சொல்லுங்க" என்று போன ஏப்ரலில் என் மனைவி கேட்டாள். முழித்தேன்.

மகள் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஐந்தாவது முடித்திருந்தாள். அங்கேயே எட்டாவது வரை இருக்கலாம். சைக்கிள் தூரத்தில் ஒரு கள்ளர் சீரமைப்பு அரசு மேல்நிலைப் பள்ளி. பஸ் ஏறினால் டவுனில் பெண்கள் மேல்நிலைப் பள்ளி. இது போக, சொந்தக்காரர்கள் எல்லாரும் சிபாரிசு செய்த ஓர் அரசு உதவிபெறும் தனியார் பள்ளி.

உதவிபெறும் பள்ளியை முதலில் கழித்துவிட்டோம். வருஷா வருஷம் பத்தாவது தேர்ச்சியைப் பெரிய பிளெக்ஸில் போடுவார்கள். ஆனால் ஜூன் மாசம் என் கடைக்கு வந்து பார்க்க வேண்டும். ஒன்பதாவது முடித்த பையனின் டி.சி.யை நாலு காப்பி எடுக்க அப்பாக்கள் வருவார்கள். "பத்தாவதுக்கு வேற ஸ்கூல் பார்த்துக்கங்கன்னு சொல்லிட்டாங்கண்ணே" என்று சத்தம் குறைத்துச் சொல்வார்கள். சுமாராகப் படிக்கிற பிள்ளைகளை முன்கூட்டியே வெளியே அனுப்பிவிட்டால் தேர்ச்சி ஏன் ஏறாது? இன்னொரு காரணமும் உண்டு. 2020-ல் வந்த மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். அடுத்த வருஷம் இன்ஜினியரிங்குக்கும் அது வந்தது. உதவிபெறும் பள்ளிக்கு இல்லை. என் மகள் டாக்டர் ஆகிறாளோ இல்லையோ, பதினோரு வயசில் அந்த வழியை நானே ஏன் அடைக்க வேண்டும்?

எங்கள் ஊர்ப் பள்ளியை விடுவதுதான் கஷ்டமாக இருந்தது. காலை உணவுத் திட்டம் வந்த பிறகு என் மகள் வீட்டில் சாப்பிடாமலே ஓடுவாள். புதன்கிழமை பொங்கல் என்றால் இன்னும் வேகம். ஆனால் அது ஐந்தாவதோடு சரி. ஆறாவதுக்கு மத்தியானச் சத்துணவு மட்டும்தான். ஒரே காம்பவுண்டுக்குள் தங்கச்சி உட்கார்ந்து பொங்கல் சாப்பிட, அக்கா வேடிக்கை பார்க்க வேண்டும்.

பிரச்சினை சாப்பாடு இல்லை. அந்தப் பள்ளியிலிருந்து என் கடைக்கு வருகிற காகிதங்கள். ஆதார், வங்கிப் பாஸ்புக், சாதிச் சான்றிதழ், மாணவர் விவரங்களை ஆன்லைனில் ஏற்றுவதற்கான எமிஸ் படிவம். கொண்டு வருபவர் ஹெச்.எம். சாரே, அதுவும் காலை பதினோரு மணிக்கு. நடுநிலைப் பள்ளிக்குக் கிளார்க் கிடையாது, அவரும்தான் என்ன செய்வார். ஆறு, ஏழு, எட்டு மூன்றுக்கும் சேர்த்து இருந்த பட்டதாரி ஆசிரியர்களில் ஒருவர் மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்குப் போயிருந்தார். அறிவியல் பாடம் பாதிப் புத்தகத்தோடு நின்றது.

டவுன் பள்ளிக்கும் கள்ளர் பள்ளிக்கும் நேரில் போனோம். காலையில் போகக் கூடாது, மூன்று மணிக்கு மேல்தான் போக வேண்டும் என்றாள் என் மனைவி. எனக்குக் காரணம் புரியவில்லை. அவள் இரண்டு இடத்திலும் நேராகப் பெண்கள் கழிப்பறைக்குப் போனாள். காலையில் எல்லா இடத்திலும் தண்ணீர் வரும், மூன்று மணிக்குத்தான் தொட்டி காலியா இல்லையா என்று தெரியுமாம். டவுன் பள்ளியில் ஆறாவது ஒரு பிரிவில் அறுபதுக்கு மேல் பிள்ளைகள், கட்டடம் புதுசு, குழாயில் காற்றுதான் வந்தது. கள்ளர் பள்ளியில் கட்டடம் பழசு, கதவில் ஒரு தாழ்ப்பாள் சரியில்லை, வாளியில் தண்ணீர் இருந்தது. "தாழ்ப்பாள் நாம வாங்கிக் குடுத்துறலாம்" என்றாள்.

வெளியூர்க்காரர்களுக்குக் கள்ளர் சீரமைப்புப் பள்ளி என்ற பெயரே புதிராக இருக்கும். கள்ளர் சாதியில் பிறந்தவர்களையே குற்றவாளிகளாகப் பார்த்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை வைத்து வெள்ளைக்காரன் கைரேகை எடுத்த காலத்தில், 1920-ல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்ததே, அந்தக் காலத்தை ஒட்டி அரசு இந்தப் பக்கம் ஆரம்பித்த பள்ளிகள். இன்று எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். மதுரை, தேனி, திண்டுக்கல் மூன்று மாவட்டங்களில் இருக்கின்றன. பள்ளிக் கல்வித் துறையில் சேராமல் பிற்படுத்தப்பட்டோர் நலத் துறையின் கீழ் வருகின்றன. பெயரில் சாதி வேண்டாம் என்று 2024-ல், மாணவர்களிடையே சாதிப் பிரச்சினையைத் தடுக்க வழி சொல்ல அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு பரிந்துரைத்தபோது டீக்கடையில் பெரிய வாக்குவாதமே நடந்தது. இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. எனக்குத் தேவைப்பட்டது வேறு: இடமாறுதல் கலந்தாய்வு இந்தப் பள்ளிகளுக்குத் தனியாக நடக்கிறது. வாத்தியார்கள் சுற்றிச் சுற்றி இந்தப் பக்கமேதான் இருப்பார்கள். ஆங்கிலத்துக்கு ஆள் வந்து மூன்றாம் மாசம் சொந்த மாவட்டத்துக்குப் போய்விடுகிற கதை குறைவு.

ஆனால் முடிவு செய்ய வைத்தது கணக்கு டீச்சர்தான். கள்ளர் பள்ளியிலிருந்து வாராவாரம் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு என் கடைக்கு வருவார். கையால் எழுதிய ஒரு தாள், ஸ்கேல் வைத்துப் போட்ட கோடுகள், பின்ன வட்டங்கள். "முப்பத்தாறு போடுங்கண்ணே, முன்னும் பின்னுமா." அரசு அலுவலக வேலையாக வருபவர்கள் முதலில் கேட்பது பில். இந்த டீச்சர் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட பில் கேட்டதில்லை. சொந்தக் காசு. பக்கத்துக்கு ஒரு ரூபாய் போட்டு வந்தேன், இதை யோசித்துப் பார்க்க எனக்கு மகள் ஆறாவதுக்கு வரவேண்டி இருந்தது.

ஜூனில் அங்கேயே சேர்த்தோம். முதல் மாசம் சைக்கிள் செயின் இரண்டு முறை கழன்றது, மற்றபடி புகார் இல்லை. ஜூலையில் ஒரு நாள் ராத்திரி மகள் ஒரு தாளைக் கொண்டுவந்து, "அப்பா, இந்தக் கணக்குல குறுக்கே ஒரு கோடு இருக்கு, இது மைனஸா?" என்று கேட்டாள். வாங்கிப் பார்த்தேன். தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை குறுக்கே மெல்லிசாக ஒரு கறுப்புக் கோடு. என் கடை மெஷினில் காப்பி விழுகிற உருளையான டிரம் கீறி மூன்று மாசம் ஆகிறது, மாற்ற வேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் காலையில் மதுரைக்கு பஸ் ஏறினேன்.