நின்றால் தெரியும்

மார்ச் 3
பதில் வரவில்லை.

மார்ச் 4
தூக்கம் பிடிக்கவில்லை. தாளில் இரண்டு வரி.
01010101010101010101
01101000111010010110
கீழே இருப்பது நாணயம் சுண்டி எழுதியது. இரண்டும் வருவதற்கு ஒரே வாய்ப்புதான், 10,48,576-ல் ஒன்று. ஆனாலும் மேல் வரியைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். நிகழ்தகவு இதற்குப் பதில் சொல்லாது. ரஷ்யக் கணித மேதை கோல்மோகோரோவ் 1965-ல் வேறு கேள்வி கேட்டார்: அந்த வரியை அச்சிடும் மிகச் சிறிய கணினி நிரல் எவ்வளவு நீளம்? மேல் வரிக்கு ‘01, பத்து முறை’ என்றாலே போதும். சாலமனாஃப் 1964-லேயே இதைத் தொட்டிருந்தார். பெயர் என்னவோ கோல்மோகோரோவுக்குப் போனது.

மார்ச் 6
இன்றும் இல்லை.

மார்ச் 7
ஒரு வரி சுருங்காது, அதாவது அதைவிடச் சிறிய நிரலில் அடங்காது என்று எப்படி உறுதியாகச் சொல்வது? 10 பிட்டுக்கு (பிட் என்பது ஒரு 0 அல்லது 1) மேல் சுருங்குபவை 1024-ல் ஒன்றுக்கும் குறைவு. குட்டி நிரல்கள் அத்தனை இல்லையே. ஆக, ஏறக்குறைய எல்லாமே சுருங்காதவை. ஆனால் ஒன்றைக் காட்டி நிரூபி என்றால், ஒரு நீளத்துக்கு மேல் முடியாது. சைட்டின் காட்டிய வழி அழகு. அப்படிப்பட்ட நிரூபணங்களை வரிசையாகத் தேடி, முதலில் அகப்படும் வரியை அச்சிடும் நிரலை எழுது. நிரல் சின்னது. சுருங்காது என்று நிரூபித்த வரி அதற்குள் அடங்கிவிட்டது!

மார்ச் 8
போனை இத்தனை முறை எடுத்துப் பார்ப்பது எனக்கே எரிச்சல்.

மார்ச் 9
0.123456789101112… சாம்பர்நவுன் எண். 0 முதல் 9 வரை எல்லா இலக்கங்களும் நாளடைவில் சம அளவில் வரும், ஆனால் ஒரு வரி நிரலில் அடங்கிவிடும். வேஷக்காரன். பிடிக்கவில்லை.

மார்ச் 11
ஒமேகா. நாணயம் சுண்டி எழுதிய நிரல் ஓடி நிற்பதற்கான வாய்ப்பு. நிற்க நிற்க அந்தந்த நிரலின் பங்கைக் கூட்டிக் கீழிருந்து நெருங்கலாம். எவ்வளவு அருகில் வந்தோம் என்பது மட்டும் தெரியாது. நின்றால் தெரியும், நிற்காது என்று தெரியவரும் நாள் எதுவும் குறித்து வைக்கப்படவில்லை. எந்த நிரல் நிற்கும், எது நிற்காது என்று எல்லாவற்றுக்கும் சொல்லும் பொது வழியே இல்லை என்று டூரிங் 1936-லேயே கதவைச் சாத்திவிட்டார்.
2002-ல் காலுடே, டின்னீன், ஷூ மூவரும் ஒரு குறிப்பிட்ட இயந்திரத்தின் ஒமேகாவுக்கு முதல் 64 பிட்டைக் கணக்கிட்டார்கள். படித்ததும் ஏனோ சந்தோஷம். 64-தான், இருக்கட்டும்.

மார்ச் 12
போன் அடித்தது. வேறு யாரோ.

மார்ச் 14
டூரிங் இயந்திரம் என்பது நாடாவில் குறிகளை எழுதி அழித்து நகரும் ஒரு கற்பனைக் கணினி. 0, 1 மட்டும் எழுதும் ஐந்து நிலை (ஐந்தே விதித் தொகுப்பு) இயந்திரம் ஒன்று 4,71,76,870 அடி ஓடி நிற்கிறது. கிடைத்தது 1989-ல். வெற்று நாடாவில் தொடங்கி அதைவிட அதிகம் ஓடி நிற்கும் அப்படிப்பட்ட ஐந்து நிலை இயந்திரம் இல்லை என்று நிரூபித்தது 2024-ல். நடுவில் எத்தனை பேர் ஓடிக்கொண்டே இருந்தவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்து, இது நிற்காது, இது நிற்காது என்று

அடுத்தது ஆறு நிலை. நாளை உட்கார வேண்டும்.