பத்துப் பேர் கூடும் இடம்

பிலடெல்பியாவின் புறநகரான எல்கின்ஸ் பார்க்கில், சீனாய் மலையை நினைவூட்டும் வடிவில் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட் அமைத்த பெத் ஷோலோம் என்னும் யூத ஜெப ஆலயம் 1959-இல் திறக்கப்பட்டது. அதைக் காண அவர் உயிரோடு இல்லை என்பது இன்றும் என் மனத்தை வருத்துகிறது. அங்கே கூடும் வழிபாட்டுச் சபை 1919-இல் நகருக்குள் தோன்றியது; குடும்பங்கள் புறநகருக்குக் குடிபெயர்ந்தபோது தானும் உடன் வந்தது.

அந்த ஆலயத்தின் ஒளி ஊடுருவும் கூரையைவிட என்னை ஈர்ப்பது வேறொன்று. பெற்றோரை இழந்தவர் பதினொரு மாதங்கள் சொல்லும் கதீஷ் என்னும் வேண்டுதலைத் தனியே சொல்ல யூத மரபு இடந்தருவதில்லை. பத்துப் பேர் உடனிருக்க வேண்டும் என்பதால், துக்கத்திலிருப்பவரை அவ்வளவாக அறியாத அக்கம்பக்கத்தாரும், வேலைக்குப் புறப்படுமுன், அதிகாலையில் ஜெப ஆலயத்துக்கு வந்து அவரருகில் நிற்கிறார்கள்.